சோளக்கொல்லைப் பொம்மையும் சொந்தப் பெயரும்!

வீடு நிறைய விருந்தாளிகள். பேச்சும் சிரிப்புமாகக் களைகட்டுகிறது. வீட்டுக்காரரை மட்டும் காணோம். அவர் துணி துவைக்கும் அறைக்குள் போய் ஒரு எலெக்ட்ரிக் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எழுத்துப்பிழை வந்தால் 'பீப்' என்று கத்தும் டைப்ரைட்டர் அது. அவருக்கோ பிழைகள் நிறைய வரும். எழுதி முடித்து வெளியே வந்தபோது, அந்தச் சத்தத்தை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த விருந்தாளிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் துணி துவைக்கும் அறையில் பிறந்த பாட்டின் பெயர் 'ஸ்மால் டவுன்'. சின்ன ஊரில் பிறந்தேன், சின்ன ஊரில் வாழ்கிறேன், இங்கேயே இறந்தாலும் சரிதான் என்கிற ஒரு மனிதனின் எளிய வாக்குமூலம். 1985-ல் வெளியான 'ஸ்கேர்குரோ' என்ற ஆல்பத்தில் அந்தப் பாட்டு இடம்பெற்றது. எழுதியவர், ஜான் மெலன்கேம்ப்.

ஆல்பம் வெளியானபோது அவருக்கு வயது 33. கையில் பணம் இருந்தது, புகழ் இருந்தது, தொலைக்காட்சியில் முகம் இருந்தது. இல்லாமல் போயிருந்தது ஒன்றே ஒன்றுதான்... அவருடைய சொந்தப் பெயர்!

யார் அந்த ஜானி கூகர்?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருக்கிறது சிமோர் என்ற ஊர். ஜான் வளர்ந்த காலத்தில் அங்கே சுமார் 12,000 பேர்தான். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரை சோளமும் சோயாவும். 1951 அக்டோபர் 7 அன்று அங்கே பிறந்தார் ஜான். பிறக்கும்போதே முதுகுத்தண்டில் குறை. கைக்குழந்தையாக இருந்தபோதே பெரிய அறுவை சிகிச்சை செய்து மருத்துவர்கள் பிழைக்கவைத்தார்கள்.

வளர்ந்த பிறகு பாட்டுதான் எல்லாம் என்று முடிவு செய்தார். பாடிப் பதிவு செய்த டேப்புகளோடு நியூயார்க்கில் வாய்ப்புத் தேடி அலைந்தார். டேவிட் போவியை உலகறியச் செய்த மேனேஜர் டோனி டிஃபரீஸ் கண்ணில் பட்டார். ஒப்பந்தம் கையெழுத்தானது. சிமோர் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

1976-ல் முதல் ஆல்பம் வந்தது. அட்டையைப் பார்த்த ஜானுக்கு அதிர்ச்சி. படத்தில் இருப்பது அவர்தான். பக்கத்தில் இருக்கும் பெயர் 'ஜானி கூகர்'. கூகர் என்றால் அமெரிக்கக் காடுகளில் திரியும் ஒரு வேட்டை விலங்கு. ஜெர்மானிய வேர் கொண்ட மெலன்கேம்ப் என்ற பெயர் கடைக்கு ஆகாது, விற்காது என்பது மேனேஜரின் கணக்கு. வேண்டுமானால் இந்தப் பெயர், இல்லாவிட்டால் ஆல்பமே இல்லை. ஜான் வாயை மூடிக்கொண்டார்.

அந்த ஆல்பத்தை விளம்பரப்படுத்த அவருடைய சொந்த ஊரிலேயே 'ஜானி கூகர் தினம்' கொண்டாடப்பட்டது. ஊர்வலமும் நடந்தது. தெருவில் நின்றவர்களுக்கு அவரைத் தெரியும், அப்பாவைத் தெரியும், தாத்தாவைத் தெரியும். அப்படிப்பட்ட ஊரின் நடுவே, தனக்குச் சொந்தமில்லாத பெயரைச் சுமந்துகொண்டு போவது எப்படி இருந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

ஆல்பம் ஓடவில்லை. கம்பெனியும் கைவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நம்பர் ஒன்... ஆனாலும்!

ஜான் விடவில்லை. ஆல்பத்துக்கு மேல் ஆல்பமாகப் போட்டார். 1982-ல் 'அமெரிக்கன் ஃபூல்' வந்தது. 'ஜாக் அண்ட் டயான்' என்ற பாட்டும் ஆல்பமும் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தன. கிராமி விருதும் கிடைத்தது. ஆனாலும் விமர்சகர்கள் பலர் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. அழகான முகம், ஆட்டம்போட வைக்கும் பாட்டு, அவ்வளவுதான் என்றார்கள். அவர்கள் மீது ஜான் கோபப்பட்டார். ஆனால் தன் பழைய ஆல்பங்களைப் பற்றி அவருக்கும் பெரிய மதிப்பு இருந்ததில்லை.

முதலிடம் பிடித்தவரிடம் கம்பெனி எதையும் மறுக்காது. அந்த பலத்தை அவர் பயன்படுத்திய விதம்தான் முக்கியம். 1983-ல் வெளியான அடுத்த ஆல்பத்தில் 'ஜான் கூகர் மெலன்கேம்ப்' என்று அச்சிட வைத்தார். பாதி பெயர் திரும்பி வந்துவிட்டது. மீதியை மீட்க இன்னும் எட்டு வருடம் ஆகும்.

அதே 1983-ல் அவருடைய தாத்தா இறந்துபோனார். 'ஸ்பெக்' என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த மனிதர் ஜானுக்கு மிகவும் நெருக்கமானவர். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போகப்போகத்தான், நாம் யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி பலமாகக் கேட்கும். ஜானுக்கும் கேட்டது.

ஏலத்துக்கு வந்த நிலம்

அந்தச் சமயத்தில் அவரைச் சுற்றி இருந்த ஊர்களில் வேறொரு துக்கம் நடந்துகொண்டிருந்தது.

1970-களில் அமெரிக்க தானியத்துக்கு வெளிநாடுகளில் நல்ல கிராக்கி. வரப்பு வரை விதையுங்கள் என்று அரசாங்கமே உற்சாகப்படுத்தியது. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போக, அதை அடமானமாக வாங்கிக்கொண்டு வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்தன. புது டிராக்டர், கூடுதல் நிலம், பெரிய தானியக் கிடங்கு என்று கடன் வளர்ந்தது.

1979-க்குப் பிறகு எல்லாம் தலைகீழ். விலைவாசியைக் கட்டுப்படுத்த மத்திய வங்கி வட்டியை உயர்த்தியது. வட்டி 20 சதவிகிதத்தைத் தொட்டது. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து, 1980-ல் அந்நாட்டுக்கான தானிய ஏற்றுமதியை அமெரிக்கா நிறுத்தியது. தானிய விலை சரிந்தது. நிலத்தின் விலையும் சரிந்தது. ஐயோவா மாநிலத்தில், 1981-க்குப் பிறகு ஐந்தே வருடங்களில் நிலத்தின் மதிப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. நிலத்தை விற்றாலும் கடன் அடையாது என்ற நிலை.

அப்புறம் என்ன? நோட்டீஸ், ஜப்தி, ஏலம். மூன்று நான்கு தலைமுறையாக உழுத நிலம் ஒரு காலைப்பொழுதில் கைமாறியது. பறிபோன ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு வெள்ளைச் சிலுவை செய்து, நீதிமன்ற வளாகப் புல்வெளியில் நட்டு வைத்தார்கள் விவசாயிகள்.

ஜானும், அவருடைய சிமோர் காலத்து நண்பர் ஜார்ஜ் கிரீனும் இதைப் பற்றிப் பேசிப் பேசி எழுதிய பாட்டுதான் 'ரெயின் ஆன் தி ஸ்கேர்குரோ'. ஸ்கேர்குரோ என்றால் நம் சோளக்கொல்லைப் பொம்மைதான். விதைத்தவன் வெளியேறிவிட்டான், பொம்மை மட்டும் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது. இந்தப் பாட்டில் வில்லன் கிடையாது. நிலத்தை ஏலம் போட வருகிறவன்கூட வேற்று ஆள் இல்லை, பழைய நண்பன்தான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் அது. அதனால்தான் அது இன்னும் ஆறவில்லை.

நூறு பாட்டும் ஒரு பாட்டியும்

1985 வசந்த காலத்தில் ஆல்பத்தின் வேலை தொடங்கியது. நியூயார்க்கோ லாஸ் ஏஞ்சல்ஸோ வேண்டாம் என்று, இண்டியானாவிலேயே பெல்மாண்ட் என்ற சிற்றூரில் தனக்கென்று ஒரு ஸ்டூடியோவை அமைத்துக்கொண்டார். அங்கே பதிவான முதல் ஆல்பம் 'ஸ்கேர்குரோ'. ஜானோடு சேர்ந்து தயாரித்தவர் டான் கெமன்.

பதிவுக்கு முன்னால் இசைக்குழுவுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார் ஜான். 1960-களின் பழைய பாட்டுகள் ஏறக்குறைய நூற்றை அப்படியே வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்! டிரம்ஸ் வாசித்த கென்னி ஏரனாஃப், கிடார் வாசித்த லாரி கிரேன், மைக் வான்சிக் எல்லோரும் மாணவர்கள் போல உட்கார்ந்து படித்தார்கள். மூன்று நிமிடப் பாட்டுக்குள் ஒரு வாழ்க்கையை எப்படி அடக்கினார்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆல்பத்தைக் கேட்டால் அந்தப் பயிற்சி புரியும். தேவையில்லாத ஒரு தட்டு இல்லை, அலங்காரத்துக்கு ஒரு கம்பி அதிர்வது இல்லை.

ஆல்பத்தின் இரண்டாவது தடத்தைப் பலர் தாண்டிவிடுவார்கள். ஒரு நிமிடம்கூட ஓடாது அது. 'கிராண்ட்மாஸ் தீம்' என்று பெயர். பாடுவது ஜானின் பாட்டி லாரா. ஸ்பெக் தாத்தாவின் மனைவி. பாடுவது 19-ம் நூற்றாண்டின் ஒரு பழைய பாட்டு: ரயிலில் ஒரு குழந்தை அழுகிறது, அதன் தாயோ அதே ரயிலின் சரக்குப் பெட்டியில் சவப்பெட்டிக்குள் கிடக்கிறாள். நடுங்கும் குரல், பின்னால் பேரனின் கிடார். அவ்வளவுதான்.

நிலம் பறிபோன ஆவேசப் பாட்டு முடிந்த கையோடு பாட்டியின் குரல். அது முடிந்ததும் 'ஸ்மால் டவுன்'. இந்த வரிசையிலேயே ஆல்பம் சொல்ல வந்தது முழுவதும் இருக்கிறது. போனது வெறும் நிலம் இல்லை. அந்த நிலத்தின் மேல் உட்கார்ந்து பாட்டி பாடிய பாட்டும் சேர்ந்துதான் போகிறது. அதையெல்லாம் தெரிந்த பிறகும், நான் இங்கேதான் இருப்பேன் என்கிறான் பேரன்.

அடுத்து வரும் 'மினிட்ஸ் டு மெமரீஸ்' ஒரு பஸ் பயணம். கேரி நகரத்து இரும்பு ஆலையில் உழைத்து ஓய்ந்த ஒரு முதியவர், பக்கத்து இருக்கைப் பையனுக்கு வாழ்க்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருகிறார். அன்று காதில் ஏறவில்லை. தனக்கே பிள்ளை பிறந்த பிறகுதான், பெரியவர் சொன்னது சரி என்று பையனுக்கு உறைக்கிறது. இதைக் கேட்டு அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ போன் போடாமல் இருப்பது கஷ்டம்.

எல்லாம் சோகம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ராக் பாடகர்களுக்கு வணக்கம் வைக்கும் ஒரு குதூகலப் பாட்டும் கடைசியில் உண்டு. கனமான ஆல்பத்தில் இது எதற்கு என்று ஜானே தயங்கிய அந்தப் பாட்டுதான் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போனது!

பாட்டோடு நிற்கவில்லை

1985 ஆகஸ்ட்டில் 'ஸ்கேர்குரோ' வெளியானது. தரவரிசையில் இரண்டாம் இடம். லட்சக்கணக்கில் விற்றது. அதைவிட முக்கியம், அழகுமுகப் பாடகர் என்று ஒதுக்கியவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், டாம் பெட்டி, பாப் சீகர் போன்றவர்கள் பாடிய, தொழிலாளர்களும் சிற்றூர் மக்களும் நடமாடும் இசையை 'ஹார்ட்லேண்ட் ராக்' என்பார்கள். அந்த வரிசையில் ஜானுக்கு உறுதியான நாற்காலி கிடைத்தது இந்த ஆல்பத்தால்தான்.

ஆல்பம் கடைக்கு வந்த சில வாரங்களில், வில்லி நெல்சன், நீல் யங் ஆகியோரோடு கைகோத்தார். 1985 செப்டம்பர் 22 அன்று இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பெய்ன் நகர மைதானத்தில் 'ஃபார்ம் எய்ட்' இசைவிழா நடந்தது. அன்று மழை! நனைந்துகொண்டே நின்றது சுமார் 80,000 பேர் கூட்டம். 70 லட்சம் டாலருக்கு மேல் நிதி சேர்ந்தது.

அதோடு அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. 1986-ல், மிசௌரி மாநிலத்தின் சில்லிகாத்தே ஊரில் அரசாங்கக் கடன் அலுவலகத்தின் முன்னால் விவசாயிகள் போராடிக்கொண்டிருந்தபோது அங்கேயே போய்ப் பாடினார். 1987-ல் வில்லி நெல்சனோடு செனட் குழுவின் முன் சென்று விவசாயிகளுக்காகப் பேசினார். அந்த வருடக் கடைசியில், கடனில் தவித்த பண்ணைகளுக்குக் கைகொடுக்கும் விவசாயக் கடன் சட்டம் நிறைவேறியது.

பாட்டு நிலத்தை மீட்டுக் கொடுத்ததா? பெரும்பாலும் இல்லை. ஏலம் போனவை போனவைதான். ஆனால் கடனில் மூழ்கியது தன் தப்பு மட்டுமே என்று தலைகுனிந்து கிடந்த விவசாயிக்கு, நீ தனியாள் இல்லை என்று ரேடியோ வழியாக ஒரு குரல் சொன்னது. ஃபார்ம் எய்ட் 40 வருடங்களாக இன்னும் உயிரோடு இருக்கிறது.

திரும்பி வந்த பெயர்

1991-ல் வெளியான ஆல்பத்தில் 'கூகர்' ஒருவழியாகக் காணாமல் போனது. அட்டையில் வெறும் ஜான் மெலன்கேம்ப். முதல் ஆல்பத்திலிருந்து 15 வருடங்கள்!

ஆனால் உண்மையில் அந்தப் பெயர் திரும்பி வந்தது அன்று இல்லை. 'ஸ்கேர்குரோ' அட்டையில் 'கூகர்' இன்னும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தபோதே, உள்ளே பாடியவர் மெலன்கேம்ப் வீட்டுப் பிள்ளை. பாட்டியைப் பாடவைத்தவர், பக்கத்து வயலுக்காகக் கோபப்பட்டவர், தன் ஊரின் பெயரைச் சொல்லக்கூடக் கூச்சப்படாதவர். எந்தப் பெயர் விற்காது என்றார்களோ, அந்தப் பெயருக்குள் இருந்த வாழ்க்கைதான் கடைசியில் அவரைக் கலைஞனாக்கியது.

ஜான் இன்றும் இண்டியானாவை விட்டுப் போய்விடவில்லை. பிழைக்குப் பிழை 'பீப்' அடித்த அந்த டைப்ரைட்டரில் எழுதியதை அவர் திருத்த வேண்டி வரவே இல்லை!