தாய்வீடு தேடி வரும் நாரைகள்

செட்டிநாட்டுக்குப் போகப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "எனக்கொரு கண்டாங்கிச் சேலை எடுத்து வா, அக்கா" என்பாள் தங்கை. "ஆத்தங்குடிக் கல் என்ன விலை என்று விசாரியுங்கள்" என்பார் வீடு கட்டிக்கொண்டிருக்கும் அடுத்த வீட்டுக்காரர். "கந்தரப்பத்துக்குப் பக்குவம் கேட்டு எழுதி வாருங்கள்" என்று மாடி வீட்டிலிருந்து ஒரு குரல் வரும். "பறவை பார்த்துவிட்டு வாருங்கள்" என்று ஒருவராவது சொல்வார்களோ? சொல்ல மாட்டார்கள்!

எங்களுக்கும் ஒருவரும் சொல்லவில்லை. சென்ற பொங்கல் விடுமுறையில் நானும், என் வீட்டுக்காரரும், எங்கள் பத்து வயதுப் பிள்ளையாண்டானும் காரைக்குடிக்குப் போனோம். இரண்டு நாள் பெரிய பெரிய வீடுகளாகப் பார்த்தோம். பர்மாத் தேக்குத் தூண்களைத் தடவிப் பார்த்தோம். நாலு புறமும் ஓட்டுக் கூரையில் விழுகிற மழையெல்லாம் நடு முற்றத்தில் வந்து சேரும்படி அந்தக் காலத்தில் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று வியந்தோம். மூன்றாவது வீட்டில் பிள்ளை கொட்டாவி விட்டான். நாலாவது வீட்டில், "அம்மா, எல்லா வீடும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

நாங்கள் தங்கியிருந்த இடத்தில் பலகாரம் பரிமாறிய ஆச்சிக்கு இது காதில் விழுந்தது.

"சின்னப் புள்ளைக்குத் தூணும் நிலையும் என்னத்துக்கு ஆகும்? விடியக் கிளம்பிக் கொள்ளுக்குடிப்பட்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. நாரை வந்திருக்கு" என்றார்.

அவர் பேச்சைக் கேட்டுப் போனோம். நீங்களும் ஒரு தடவை போக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆனால், நாங்கள் செய்யத் தவறிய ஒரு சின்னக் காரியத்தை நீங்கள் செய்துவிட்டுப் போக வேண்டும். அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

வழி இதுதான்

காரைக்குடியிலிருந்து மேற்கே புறப்பட்டால் முதலில் குன்றக்குடி மலை கண்ணில் படும். கொஞ்ச தூரத்தில் பிள்ளையார்பட்டி. கற்பக விநாயகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே போனால் திருப்பத்தூர். வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் என்று நினைத்து ரயில் ஏறிவிடாதீர்கள்! இது சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர். 1801-ஆம் வருஷம் அக்டோபர் 24-ஆம் தேதி மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது இந்த ஊரில்தான். அங்கிருந்து மதுரைச் சாலையில் இன்னும் மேற்கே போனால் கொள்ளுக்குடிப்பட்டியும் வேட்டங்குடிப்பட்டியும் வந்துவிடும்.

வடக்கே ஏரி என்று சொல்வதை இந்தச் சீமையில் கண்மாய் என்பார்கள். பெரிய கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய், சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய், வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். 1977-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அரசாங்கம் இதைச் சரணாலயமாக அறிவித்தது. மொத்தப் பரப்பு 38.4 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 95 ஏக்கர். 'இவ்வளவுதானா?' என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இந்தப் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைப் பிடித்து வைத்தால்தான் பிழைப்பு. வீட்டு முற்றத்தில் மழையைப் பிடித்தவர்கள் ஊருக்கு வெளியே கண்மாயில் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் நிற்கும் கருவேல மரங்கள்தான் பறவைகளுக்கு வீடு.

"அம்மா, இங்கேயே கூடாரம் அடித்து ராத்திரி தங்கலாமா?" என்று பிள்ளை கேட்டான். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் குஞ்சு பொரித்திருக்கும் இடத்தில் விளக்கும் அடுப்பும் பேச்சுமாக நாம் போய் உட்காரலாமா? தங்குவதற்குக் காரைக்குடியும் திருப்பத்தூரும் இருக்கின்றன. கால் வலிக்க நடப்பதற்குக் கண்மாய்க்கரை இருக்கிறது. அது போதும்.

யார் யார் வந்திருக்கிறார்கள்?

நாங்கள் கரையேறியபோது மணி ஆறரை இருக்கும். பனி இன்னும் விலகவில்லை.

"மரத்துமேல் யாரோ வேஷ்டி உலர்த்தியிருக்கிறார்கள்" என்றார் என் வீட்டுக்காரர். வேஷ்டி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது!

அது நத்தைகுத்தி நாரை. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடுக்கு தெரியும். நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள் இருக்கும் சதையை லாகவமாக உருவி எடுக்கிறது. அடுத்த மரத்தில் கரண்டிவாயன். நம் வீட்டுத் தோசைத் திருப்பியை அலகாக வைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தண்ணீருக்குள் இப்படியும் அப்படியும் துழாவித்தான் இரை தேடும். பட்டுப்போன கிளை ஒன்றில் கறுப்பாக ஒரு பறவை இறக்கையை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றது. அது பாம்புத்தாரா. தண்ணீருக்குள் முங்கி மீன் பிடிக்கும். அதன் இறகு தண்ணீரில் ஊறிவிடும். ஆகையால் குளித்துவிட்டுத் தலை உலர்த்துகிற பெண்பிள்ளை மாதிரி வெயிலில் நின்றாக வேண்டும். இன்னும் சாம்பல் நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பகலெல்லாம் தூங்கிவிட்டு அந்தியில் வேலைக்குக் கிளம்பும் இராக்கொக்கு என்று ஒரு பெரிய கூட்டம்.

இங்கே ஒரு விஷயம். இவையெல்லாம் சைபீரியாவிலிருந்து வருகின்றன என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஊசிவால் வாத்து போன்ற சில பறவைகள் மெய்யாகவே வடக்கே குளிர்ப் பிரதேசங்களிலிருந்து பறந்து வருகின்றன. ஆனால் அவை இங்கே முட்டை இடுவதில்லை. குளிருக்குத் தப்பி வந்து, தின்று கொழுத்துவிட்டு, ஊருக்குத் திரும்பிவிடும். மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற நாரைகளும் கரண்டிவாயன்களும் நம் நாட்டுப் பறவைகள். எங்கே தண்ணீர் நிற்கிறதோ, எங்கே இரை கிடைக்கிறதோ, எங்கே தொந்தரவு இல்லையோ, அங்கே பிரசவத்துக்கு வந்து சேருகின்றன.

எட்டு மணிக்கு வெயில் ஏறியது. ஒரு நாரை தன் கூட்டின் விளிம்பில் நின்று, இரண்டு இறக்கைகளையும் குடைபோல் விரித்தது. அடியில் மூன்று குஞ்சுகள், நிழலில் ஒண்டிக்கொண்டு நின்றன. வெயில் நகர நகரத் தாயும் நகர்ந்துகொண்டது. பஸ் நிறுத்தத்தில் கைக்குழந்தையின் முகத்துக்கு நேரே முந்தானையைப் பிடித்தபடி நின்ற நாட்களெல்லாம் என் நினைவுக்கு வந்துவிட்டன.

ஒரு ஹாரன் சத்தம்

என் வீட்டுக்காரருக்கு அதற்குள் பசி வந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் போய் காரில் உட்கார்ந்தவர், எங்களைக் கூப்பிடுவதற்காக ஹாரனை இரண்டு தடவை நீட்டி அழுத்தினார். நகரத்தில் அது ஒரு சத்தமா? ஆனால் அங்கே!

மரம் மரமாகப் பறவைகள் எழும்பின. வானம் முழுவதும் இறக்கை. குடை பிடித்துக்கொண்டிருந்த தாயும் எழும்பிவிட்டது. மூன்று குஞ்சுகளும் வெயிலில், வெறும் கூட்டில். எங்கிருந்தோ ஒரு காக்கை வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, கூட்டை எட்டிப் பார்த்தது.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. பிள்ளை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். கால் நாழிகை ஆகியிருக்குமோ என்னவோ, எனக்கு ஒரு யுகமாக இருந்தது. பிறகு தாய் நாரை சுற்றிச் சுற்றி வந்து இறங்கியது. காக்கை போய்விட்டது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசவில்லை.

"தாயி, உங்க வீட்டுல பிள்ளைத்தாச்சி இருந்தா வாசல்ல நின்னு கத்துவீகளா?" என்று மட்டும் கேட்டார்.

நான் என்ன பதில் சொல்வேன்?

வெடி இல்லாத தீபாவளி

அப்பத்தாவின் பேரன் எங்கள் பிள்ளை வயதுக்காரன். இரண்டு பேரும் ஐந்து நிமிஷத்தில் சிநேகிதம் பிடித்துவிட்டார்கள். அவர்கள் பேச்சிலிருந்துதான் அந்தச் செய்தி எனக்குத் தெரிந்தது: இந்த ஊர்களில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

"ஒண்ணுகூடவா?" என்று எங்கள் பிள்ளை வாயைப் பிளந்தான். "ஒண்ணுகூடத்தான். வெடிச்சா இதுங்க போயிரும்ல? வெளியூர்ல மாமா வீட்டுக்குப் போனா வெடிப்பேன்" என்றான் அந்தப் பையன்.

இதை ஏதோ ஒரு வருஷத்துப் புதுமை என்று எண்ணாதீர்கள். பல பத்தாண்டுகளாக இப்படித்தான். தீபாவளி சமயத்தில் வனத்துறையினர் ஊராருக்கு இனிப்பு வழங்கி நன்றி சொல்வதும் உண்டு. காரணத்தை யோசித்துப் பாருங்கள். தீபாவளி வருவது ஐப்பசியில். மழை தொடங்கி, கண்மாயில் தண்ணீர் ஏறி, 'இந்த இடம் சரிப்படுமா?' என்று பறவைகள் வந்து பார்க்கிற சமயமும் அதுதான். அன்றைக்கு ஒரு சரம் வெடித்தால் அந்த வருஷம் முழுவதும் மரம் காலியாகிவிடக்கூடும்.

நம் பிள்ளைகளிடம், "இந்தத் தீபாவளிக்கு வெடி வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்! சரணாலயத்துக்குச் சட்டமும் காவலும் உண்டு. ஆனால் தீபாவளி விடிகாலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போலீஸ் நிற்க முடியுமா? அழுகிற குழந்தையைச் சமாதானம் செய்து, அதிரசத்தைக் கையில் கொடுத்து, கண்மாய்ப் பக்கம் கையைக் காட்டுகிற தாய்மார்கள் அல்லவா இதைக் காப்பாற்றி வருகிறார்கள்!

இதில் லாபமும் இருக்கிறது. பறவைகளின் எச்சம் கண்மாய்த் தண்ணீரில் கலந்து, மடை வழியாக வயலுக்குப் பாய்கிறது. அதில் தழைச்சத்து அதிகம். வேடந்தாங்கல் விவசாயிகளும் இதை அறிந்தவர்கள்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு பெற்றார்கள். அது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்தது. திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்துக்குப் போனால், குளக்கரையோடு நிற்காமல் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

"மழை பெய்யாமல் கண்மாய் வறண்டு, பறவை வராத வருஷம் என்ன செய்வீர்கள்? அப்போதாவது வெடிக்கலாமே?" என்று அப்பத்தாவைக் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "மக பேறுகாலத்துக்கு வருவான்னு வீட்டை மெழுகி வைக்கிறோம். ஒரு வருசம் அவ வரலைன்னா, வீட்டை இடிச்சா போடுவோம்?"

நீங்கள் போகும்போது

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். அந்த வருஷம் மழை எப்படி என்று விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். கண்மாய் நிறையாவிட்டால் ஏமாற்றம்தான். விடிகாலையும் சாயங்காலமும் உத்தமம். பளிச்சென்ற சிவப்புச் சேலையை வேறொரு விசேஷத்துக்கு வைத்துக்கொண்டு, பச்சையோ பழுப்போ உடுத்துங்கள். தொலைநோக்கி ஒன்று இருந்தால் நல்லது. குடிதண்ணீரும் கட்டுச்சோறும் எடுத்துப் போங்கள்; இலையையும் காகிதத்தையும் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள். கைப்பேசியில் பாட்டு வேண்டாம். கருவேல முள் பொல்லாதது. குழந்தைகளுக்குச் செருப்பு அவசியம். திரும்பும்போது காரைக்குடியில் வெள்ளைப் பணியாரம் சாப்பிட மறவாதீர்கள்.

நாங்கள் காரில் திரும்பியபோது பிள்ளை வெகுநேரம் பேசவில்லை. குன்றக்குடி தாண்டியதும், "அம்மா, நம்ம தெரு வேப்பமரத்தில் காக்காய்க் கூடு இருக்கிறதே, அதுவும் தாய்வீடுதானா?" என்று கேட்டான். அவன் அப்பா ரோட்டைப் பார்த்து மிகவும் கவனமாகக் காரை ஓட்டினார். ஊர் வந்து சேருகிற வரையில் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை.

போன தீபாவளியில் மிச்சம் பிடித்த சரவெடிக் கட்டு ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதை என்ன செய்யப் போகிறான் என்று நான் கேட்கவில்லை. சத்தியம் ஒன்றும் வாங்கவுமில்லை. அடுத்த தீபாவளி வரட்டும், பார்க்கலாம்.

முன்னால் சொல்லாமல் விட்ட அந்தச் சின்னக் காரியம் என்ன என்று இப்போது நீங்களே ஊகித்திருப்பீர்கள். கொள்ளுக்குடிப்பட்டி எல்லையைத் தொட்டதும், ஹாரனில் கை வைக்கக்கூடாது என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். உள்ளே பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிறார்கள்.