வாசிக்கான், ஆனா புரியல



எங்கள் ஆய்க்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முருகன் கோயிலும் அமர் சேவா சங்கமும் நினைவுக்கு வரும். விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது அது. 2020-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதனால் சக்கர நாற்காலியைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் உச்சுக்கொட்டுவதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத குறைபாடு என்று வந்துவிட்டால் நாங்களும் எல்லா ஊரையும் போலத்தான். "திமிரு", "சோம்பேறி", "சேட்டை". மூன்றில் ஒரு பட்டம் நிச்சயம்.

கோடை விடுமுறையில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி மகனை அழைத்து வந்தாள். ஆறாம் வகுப்பு முடித்தவன். "பெரியப்பா, எழுத்துக்கூட்டி வாசிக்கான். என்ன வாசிச்சேன்னு கேட்டா முழிக்கான். இன்னொருக்க கேட்டா புத்தகத்தை வீசிட்டு ஓடுதான்." பள்ளியில் பத்து தடவை எழுதச் சொல்கிறார்களாம். புரியாததைப் பத்து தடவை எழுதினால் கை வலிக்கும், வேறென்ன?

அவனுக்கு டிஸ்லெக்சியாவா, வேறா என்பதை முறையாகச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். நான் கவனித்தது ஒன்றுதான். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் எழுத்து. இதைப் பிரித்துச் சேர்ப்பதிலேயே அவன் தெம்பு தீர்ந்துவிடுகிறது. பொருளுக்கு மிச்சமில்லை. ஆகவே வாசிப்பதை நான் எடுத்துக்கொண்டேன், புரிந்துகொள்வது மட்டும் அவன் வேலை.

ஒரு வாக்கியம் சொன்னேன்: "மாடிப் படியில் உட்கார்ந்து படி, அம்மா சொன்னபடி ஒரு படி அரிசி அள." எத்தனை படி என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினான். "நாலு தாத்தா. ஆனா நாலும் வேற வேற!" சிரித்தான். வார்த்தைக்குள் பொருள் இருக்கிறது, அதை நின்று தேட வேண்டும் என்பது அவனுக்கு அன்றுதான் பிடிபட்டது போல.

பிறகு புளியங்கொட்டை. ஒரு வாக்கியம் முடிந்ததும் புரிந்தால் வலப்பக்கம் ஒன்று, புரியாவிட்டால் இடப்பக்கம் ஒன்று வைக்க வேண்டும். இடப்பக்கம் வைத்தால் திட்டு கிடையாது, அந்த வாக்கியத்துக்குத் திரும்பிப் போவோம், அவ்வளவே. முதல் நாள் எல்லாக் கொட்டையும் வலப்பக்கம். பொய்தான். நான்காம் நாள் தானாக ஒன்றை இடப்பக்கம் தள்ளினான். தனக்குப் புரியவில்லை என்பது தனக்கே தெரிவது பெரிய படிப்பு. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இதைச் சொல்லாமலே செய்துகொள்கிறார்கள், இவர்களுக்குச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

எரிச்சல் வந்தால் எழுந்துபோய்ப் பானைத் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்றும் பேசிக்கொண்டோம். எப்போது எழுவது என்பது அவன் முடிவு. அதற்குப் பின் புத்தகம் பறப்பது குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது.

1984-ல் பாலின்சர், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு நெருக்கமான ஒன்றை எழுதினார்கள். அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவுபடுத்திக்கொள்வது, சுருக்கிச் சொல்வது. ஆசிரியரும் மாணவரும் முறைவைத்து மாறி மாறிச் செய்ய வேண்டும். மாணவன் ஆசிரியராகும் முறை வந்ததும் இவன் என்னைக் கேட்ட கேள்விகள் இருக்கிறதே, அப்பப்பா!

சோதனைக்குக் கூட்டிப்போ என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. "சர்ட்டிபிகேட் வாங்கினா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் உண்டு, சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம் என்று எடுத்துச் சொன்னேன். அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

இதே தயக்கத்தில் இருப்பவர்கள் பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரிடம் அவர்களைப் பற்றிக் கேளுங்கள்.