கம்பளியில் தில்லைவனம்

சுவரை அலங்கரிக்க ஒரு சித்திரம் வேண்டுமென்றால், சிதம்பரத்துக்கு இத்தனை அருகில் வாழ்கின்ற நம்மவர் மனத்தில் முதலில் வந்து நிற்பவர் நடராஜமூர்த்திதான் என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பித்தளையிலும் கண்ணாடியிலும் தெர்மோகோலிலும், ஏன், மளிகைக் கடை நாட்காட்டியிலுங்கூட அவரை ஓயாமல் ஆடவைத்துவிட்டோம். ஆகவே, ஆட்டு ரோமத்தைச் சோப்புநீரில் நனைத்துத் தேய்த்து, பாயில் சுருட்டி உருட்டி, நெய்யாமலே துணியாகத் திரட்டும் கலையில் சமீப காலமாக ஈடுபாடு கொண்டிருக்கும் என் தம்பி மகள், கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டுக் கூடத்துக்கென்று நான்கடி உயரமும் மூன்றடி அகலமுமான ஒரு தொங்கல் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, அதற்கென முதலில் வரைந்து காட்டியதும் ஆனந்தத் தாண்டவமாகவே இருந்தது.

"படம் ரொம்ப லட்சணமாக இருக்கிறதம்மா. ஆனால் இந்த விரல்களையும் விரிசடையையும் உன்னுடைய கம்பளி தாங்குமா?" என்று கேட்டேன்.

"அதைத்தான் பெரியப்பா நானும் யோசிக்கிறேன்" என்றாள்.

தறியில் பிறந்த துணிக்குப் பாவு, ஊடை என்று இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. எந்த இழை எங்கே போகும் என்பது நெசவாளிக்கு முன்கூட்டியே தெரியும். ஃபெல்ட் என்று கடைக்காரர்கள் சொல்லும் இந்தத் துணியில் அப்படிப்பட்ட நியதி எதுவும் இல்லை. ஆட்டு ரோமம் ஒவ்வொன்றின் மேலும் கண்ணுக்குப் புலப்படாத செதில்கள் இருக்கின்றன; வெந்நீரும் சோப்பும் பட்டு அவை விரிந்துகொடுக்க, கையின் தேய்ப்பும் பாயின் அழுத்தமும் ரோமங்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செலுத்த, ஒரு தடவை பின்னிக்கொண்டது மறுபடி பிரிய வழியில்லாமல் இறுகிக்கொண்டே போகிறது. இறுக இறுகச் சுருங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு சுருங்குவது சாதாரணம். கை அழுத்தக்காரக் கையாயிருந்தால் இன்னும் அதிகம். நான்குக்கு மூன்றடித் தொங்கல் வேண்டுமானால் ஆறடிக்கு நாலரையடியில் ரோமத்தைப் பரப்ப வேண்டும். அதுவும், ரோமம் எந்தத் திசையில் கிடக்கிறதோ அந்தத் திசையில் சுருக்கம் கூடுதல் என்பதால், ஓர் அடுக்கை நெடுக்கிலும் அடுத்ததைக் குறுக்கிலுமாக மாற்றி மாற்றி இடாவிட்டால், வட்டமான திருவாசி கோழிமுட்டை வடிவமாக முடியும். மெல்லிய கோடு என்று ஒன்றை இட்டால், அக்கம்பக்கத்து ரோமங்கள் அதற்குள் நுழைந்து, கோட்டின் விளிம்பைக் கரைத்து, அது கோடா நிழலா என்று சந்தேகப்படும்படி செய்துவிடும். எடுத்த திருவடியின் விரல்நுனி வரையில் துல்லியமே உயிராக நிற்கும் ஒரு மூர்த்தத்தை இப்படிப்பட்ட ஸ்வபாவமுள்ள பொருளில் வடிக்க முயல்வது, என் அபிப்பிராயத்தில், மூர்த்தத்துக்கும் நியாயமில்லை, கம்பளிக்கும் நியாயமில்லை.

காஷ்மீரத்தில் நம்தா என்ற பெயரில் இதே முறையில் விரிப்புகள் செய்கிறார்கள். அங்கே பெரும்பாலும் துணியை முதலில் திரட்டி, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி ஓய்ந்த பிற்பாடே, அதன்மேல் சங்கிலித் தையலால் பூவும் கொடியும் போடுவார்கள். சித்திரத்தைச் சுருக்கத்துக்குப் பிந்தி வைத்துக்கொண்டது கெட்டிக்காரத்தனந்தான். என் தம்பி மகளோ ஊசி தொடமாட்டேன் என்கிறாள். படம் ரோமத்துக்குள்ளேயே பிறக்க வேண்டும் என்பது அவளுடைய சங்கற்பம். அந்த ரோமமும் உள்ளூரில் கிடைப்பதாயில்லை. நம் கடலூர், விழுப்புரம் பக்கத்து மேய்ச்சல் வெளிகளில் திரியும் சென்னைச் சிவப்பு ஆட்டுக்கு உடம்பில் முடி உண்டேயொழியக் கம்பளி கிடையாது. தமிழ்நாட்டில் நல்ல மெல்லிய கம்பளிக்கு நீலகிரி ஆட்டைத்தான் நாட வேண்டும். மெரினோ முதலிய சீமை ஆடுகளையும் உள்ளூர் ஆடுகளையும் கலந்து அந்த மலையில் உருவான இனம் அது. உதகைக்கு அருகில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பேணி வருகிறார்கள். இப்படித் தூரத்திலிருந்து வருகிற சரக்கு வீணாகக்கூடாதென்ற கவலையே திட்டத்தை ஆற அமர யோசிக்கவைத்தது.

திட்டம் என்பது எவ்வளவு தூரம் கட்டளையிடலாம் என்ற கேள்வி இந்தக் கரைக்குப் புதியதன்று. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் விலைக்கு வாங்கி அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்ட கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு இங்கே முக்கிய நாட்டம் துணி வியாபாரத்தில். சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகள் அக்காலத்து ஐரோப்பிய வீடுகளில் கட்டில் விரிப்பாகவும் சுவர்த் திரையாகவும் தொங்கின. அவற்றுக்கு மாதிரி வகுப்பதில் லண்டனில் இருந்தவர்களும் தலையிட்டார்கள். 1643-ஆம் வருஷத்திலேயே கம்பெனி நிர்வாகிகள் சூரத்துக்கு எழுதிய ஒரு கடிதத்தில், மங்கிய செந்நிறத் தரையில் வரும் மெத்தை விரிப்புகள் எல்லாருக்கும் பிடிப்பதில்லையென்றும், வெண்மையான தரை கூடுதலாக இருக்கட்டுமென்றும் சொல்லிவிட்டு, நடுவில் வரும் பூவையும் கிளையையும் மட்டும் சித்திரக்காரனுடைய இஷ்டத்துக்கே விட்டிருந்தார்கள். வியாபாரிகளுக்கு இவ்வளவு விவேகம் இருந்ததைப் பாராட்டத்தான் வேண்டும். தரையைத் தீர்மானித்துவிட்டுக் கிளையைக் கைக்கு விடுவதென்பது, நான் கேள்விப்பட்ட வரையில், திட்டமிடுதலுக்கு மிகச் சிறந்த இலக்கணம்.

நம் பக்கத்துத் தொழில்முறையைக் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742-இல் எழுதிய கடிதம் விஸ்தாரமாகச் சொல்கிறது. கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊறிக் காய்ந்த துணியின் மேல், கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்ட காகிதத்தை விரித்து, கரிப்பொடியைத் தேய்த்தால், துளைகளின் வழியே புள்ளி புள்ளியாகப் படம் இறங்கிவிடும். புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு எழுதுகோல் ஓடும். துணி அசையாமல் கிடப்பதால் அது சாத்தியமாயிற்று. கம்பளியில் புள்ளி வைத்தால் நாளை அது எங்கே நகர்ந்திருக்கும் என்று பிரமனாலும் சொல்ல முடியாது. எனவே அவள் செய்யும் உபாயம் வேறு: ஆறடி வரைபடத்தைத் தரையில் விரித்து, மேலே கண்ணாடித்தாள் போட்டு, அடியில் தெரியும் கோடுகளை அனுசரித்து ரோமத்தைப் பரப்புகிறாள், தெளிவாகத் தெரிந்தே ஆகவேண்டிய உருவங்களை மாத்திரம் அரைகுறையாகத் திரட்டிய தனித் துண்டுகளிலிருந்து கத்திரியால் வெட்டி, ஈரமான கம்பளித் தரையில் பதித்து, இரண்டையும் சேர்த்து உருட்டுகிறாள். வெட்டிய விளிம்பு ஓரளவுக்குத் தன் மானத்தைக் காத்துக்கொள்கிறது.

இந்த யோசனைகளோடு ஒரு நாள் சிதம்பரம் போயிருந்தோம். சிவகாமியம்மன் சந்நிதி விதானத்தில், தாருகவனத்துப் பிட்சாடனர் கதையை நாயக்கர் காலத்துச் சித்திரக்காரர்கள் பட்டை பட்டையாகத் தீட்டியிருப்பதைக் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, "இதுபோல் கதையாகப் போட்டால் என்ன?" என்றாள். நடந்துகொண்டே அண்ணாந்து பார்ப்பதற்கு அந்த முறை பொருத்தம். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரே பார்வையில் அடங்க வேண்டும் என்று சொன்னேன். பிறகு சித்சபையில், வெளியே கறுப்பும் உள்ளே சிவப்புமான அந்தத் திரையைத் தீட்சிதர் விலக்க, பொன் வில்வ மாலைகளைத் தரிசித்தோம். உலகத்துத் திரைச்சீலைகளிலெல்லாம் பெரிய அர்த்தத்தைச் சுமக்கும் அதில் ஓர் உருவமும் இல்லை; இரண்டு வர்ணங்களே போதும் என்று நம் முன்னோர் விட்டிருக்கிறார்கள். வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "தரை கறுப்பு, பெரியப்பா. அதில் சிவப்பு எங்கே வரணும்னுதான் பார்க்கணும்."

சிவப்புக்கு இடம் பிச்சாவரத்தில் கிடைத்தது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட முகத்துவாரத்தில், சுமார் 1100 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கும் அந்த அலையாத்திக் காட்டில்தான், தலவிருட்சமாகிய தில்லை இன்றைக்கும் தாராளமாக வளர்ந்திருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று படகோட்டி முன்னதாகவே எச்சரித்தார். முதிர்ந்த இலை உதிர்வதற்கு முன் செக்கச் செவேலென்று மாறும். பச்சைக் கிளையில் அப்படி நாலைந்து இலைகள் தீயாகத் தெரிவதைக் காட்டியவரும் அவரே. நடராஜரை விட்டு நடராஜருடைய வனத்தை எழுதுவதென்று படகிலேயே முடிவாயிற்று.

ஆனால் அவள் அடுத்து வரைந்த படத்தில் தில்லை மரம் ஊன்றுகோல்கள் போன்ற வேர்களின்மேல் நின்றது. அந்த வேர் சுரபுன்னைக்கு உரியது. வாய்க்காலின் விளிம்பில் வளைந்து வளைந்து நீரில் இறங்குவது. தில்லைக்கு வேர்கள் சேற்றின்மேல் தரையோடு தரையாக நெளிந்து ஓடும். தாவர சாஸ்திரத்தைக் கம்பளி மன்னிக்கலாம்; பிச்சாவரத்துக்காரர் பார்த்தால் மன்னிக்கமாட்டார். ஆகவே முன்வரிசையில் சுரபுன்னை வேர்களைத் தடித்த வளைவுகளாக வெட்டிப் பதிப்பதென்றும், பின்னால் தில்லையை விளிம்பு கரைந்த ஒரு பசுமைத் திரளாகவே விடுவதென்றும் ஏற்பாடு. வேர்கள் பாதிக்கு மேல் இடத்தை எடுத்துக்கொண்டதில் எனக்குத் திருப்தியே.

வர்ணத்துக்குப் பழைய சரக்கையே கேட்டேன்: சிவப்புக்குப் படிகாரமும் சாயவேரும், நீலத்துக்கு அவுரி, கறுப்புக்குக் கடுக்காயும் இரும்பும். முதல் இரண்டுக்கும் சம்மதித்தாள். மூன்றாவதை மறுத்துவிட்டாள். இரும்பு கலந்த கறுப்பு நாளடைவில் ரோமத்தை அரித்துப் பொடியாக்கிவிடும், தொங்கலில் பெரும்பங்கு கறுப்பாயிருக்கும்போது அந்த அபாயத்துக்கு இடங்கொடுக்கலாமா என்பது அவள் வாதம். அவுரியில் பல முறை முக்கி, கறுப்பென்று சொல்லத்தக்க கருநீலமாக்கிக்கொள்ளலாம் என்கிறாள். சித்சபைத் திரையின் கறுப்புக்கு அது ஈடாகுமா என்று எனக்குச் சமாதானமில்லை.

இன்னும் தீராத விவகாரம் கரை. சேலைக்குக் கரைபோல நாலு பக்கமும் ஒரு சிவப்புக் கட்டம் வேண்டுமென்கிறாள் அவளுடைய அம்மா. விளிம்பு நேராக அமையாது, அலை அலையாகத்தான் வரும், அதை வெட்டி நேராக்குவது பாவம் என்கிறாள் மகள். மாதிரிக்கென்று ஒரு சாண் சதுரத் துண்டைக் கரையோடும் இன்னொன்றைக் கரையில்லாமலும் செய்து, வேப்பிலையும் வசம்பும் போட்ட பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கரையில்லாததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. தம்பி மனைவியிடம் அதை யார் சொல்வதென்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.