சமன் மீனின் ஊரிலே ஆறு நாட்கள்

எமது இளமைக் காலத்திலே வீட்டுக்கு எதிர்பாராத விருந்தினர் வந்துவிட்டால், அம்மா உடனே மூலைக் கடைக்கு ஆளனுப்பி ஒரு 'சமன் ரின்' வாங்குவிப்பார். வெங்காயமும் பச்சை மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் சேர்ந்தால் கால் மணி நேரத்தில் கறி ஆயத்தம். அந்த ரின்னுக்குள்ளே கிடப்பது பெரும்பாலும் மக்கரல் என்னும் வேறொரு மீனேயன்றிச் சமன் அன்று என்பதை நாம் வெகு காலம் அறியோம். மீன் வராவிட்டாலும் பெயர் வந்து எமது அடுக்களையில் நிலைத்துவிட்டது.

உண்மையான சமனை அதன் சொந்த ஊரிலே காணும் வாய்ப்பு, அறுபது வயதைக் கடந்த பின்னரே எமக்குக் கிடைத்தது. அலாஸ்காவின் அங்கரேஜ் நகரிலே பொறியியலாளராக இருக்கும் எமது பெறாமகன், "பெரியப்பா, ஒரு வாரம் மீன் பிடிக்கப் போவோம்" என்று அழைத்தான். வழிகாட்டி, படகு, உணவு, உறைவிடம் யாவும் தந்து விருந்தினரை மீன் பிடிப்பிக்கும் விடுதிகள் அங்கே பல உள. அதற்கு அவன் கட்டிய தொகையை இங்கே எழுதோம். எழுதினால் குருநகர் நண்பர்கள் எம்முடன் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். நாமும் எமது இல்லாளும், பெறாமகனும், அவனுடைய பத்து வயது மகளுமாக நால்வர் ஜூலை மாத முதல் வாரத்திலே புறப்பட்டோம்.

அங்கரேஜிலிருந்து தென்மேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பறந்தால் டிலிங்ஹாம் என்னும் சிற்றூர் வரும். அங்கரேஜையும் அதனையும் இணைக்கும் தெரு எதுவும் இல்லை. வானத்தால் அல்லது கடலால்தான் போகவேண்டும். ஆங்கிருந்து, சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு மிதவைகள் பூண்ட சிறு விமானம் ஒன்றில் எம்மை ஏற்றினார்கள். 'பீவர்' என்னும் அவ்வகை விமானங்களைக் கனடாவிலே 1947 முதல் 1967 வரைதான் செய்தார்களாம். எம்மைச் சுமந்தது எமது வயதினும் சிறிதே இளையது என்று அறிந்தபோது, எமது முழங்காலை நினைத்து நாம் சிறிது கலங்கியது உண்மை. ஆயினும் அது ஒரு குளத்திலிருந்து கொக்கைப் போல் எழுந்து, பனி படிந்த மலைகளுக்கிடையே நேர்கா ஏரியில் மெல்ல இறங்கிற்று. ஏரிக்கு அப்பெயர் சமன் மீனால் வந்தது. செஞ்சமனுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயரிலும் அதே 'நேர்கா' உண்டு.

விடுதி என்பது ஏழெட்டு மரக்குடில்களும் ஒரு பெரிய சமையற்கூடமுமே. சூரியன் நள்ளிரவை அண்டித்தான் மறையும். மறைந்த பின்னும் இருள் முற்றாக வருவதில்லை. நுளம்புகளைப் பற்றி ஒரு சொல்: எமது நாட்டு நுளம்பு நாகரிகமானது என்பதை அங்கே உணர்ந்தோம்.

எமக்கென்று அமைந்த வழிகாட்டி, மொன்டானா மாநிலத்து இளைஞர். ஐந்தாவது கோடையாக அங்கே வேலை செய்கின்றார். முதற் காலை அவர் எமக்கு மார்பு வரை உயர்ந்த ரப்பர் காற்சட்டைகளை அணிவித்து, ஏரியிலிருந்து பெருகும் அகுலோவாக் ஆற்றங்கரைக்கு வள்ளத்திலே கொண்டுசென்றார். நாம் மீனுள்ள ஆழம் தேடி இடுப்பளவு நீருக்கு நடந்தபோது, பின்னாலிருந்து சிரித்தார். "ஐயா, மீன்கள் உங்களுக்கு முன்னால் இல்லை; முதுகுக்குப் பின்னால் போகின்றன" என்றார். திரும்பிப் பார்த்தோம். கரையோரத்து முழங்காலளவு நீரிலே, நீரோட்டத்தின் வேகம் குறைந்த ஒடுங்கிய பாதையிலே, வெள்ளி நிறத்து முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக, திருவிழாவுக்குச் செல்லும் சனங்களைப் போல வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

அவற்றின் வரலாறு கேட்போர் மனத்தை உருக்குவது. சரளைக் கற்களுக்கிடையே பொரித்த குஞ்சு, ஏரியிலே ஓரிரண்டு ஆண்டுகள் வளர்ந்து கடலுக்கு இறங்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் பசிபிக் சமுத்திரத்திலே அலைந்து திரிந்து, உடல் பருத்துத் தான் பிறந்த அதே ஓடையைத் தேடித் திரும்பிவரும். வழி காட்டுவது மூக்கு. ஆதர் ஹாஸ்லர் என்னும் அமெரிக்க அறிஞர், ஒவ்வோர் ஓடையின் வாசனையையும் குஞ்சு மனத்திற் பதித்துக்கொள்கின்றது என்ற கருத்தை 1951ஆம் ஆண்டிலே தம் மாணவருடன் வெளியிட்டார்; பின்வந்த ஆராய்ச்சிகள் அதனை உறுதிசெய்தன. ஆற்றினுள் நுழைந்த மீன் உண்பதில்லை. உடம்பிலுள்ள கொழுப்பையே எரித்து மேலே ஏறும், தசையிலுள்ள செந்நிறம் தோலுக்கு வரும், தலை பச்சையாகும். சினையிட்டபின் ஒன்றுகூட உயிர் தப்புவதில்லை. இறந்த உடல்கள் கரடிக்கும் பறவைக்கும் இரையாகி, அழுகி, நீருக்கு உரமாகி, அடுத்த வசந்தத்திலே வெளிவரும் குஞ்சுகளின் உணவை வளர்க்கின்றன. கடலிலிருந்து இவை சுமந்து வரும் நைதரசன், கரையிலுள்ள மரங்களின் தண்டிலே கூடக் காணப்படுகின்றது.

உண்ணாத மீனைத் தூண்டிலால் எவ்வாறு பிடிப்பது? வழிகாட்டி மறைக்காமற் சொன்னார். நீரோடு மிதந்து செல்லும் தங்கூசி, மூச்சுக்காகத் திறந்து மூடும் மீன் வாயினூடே செல்லும். அப்போது சுண்டினால் தூண்டில் வாயோரத்திற் கொளுவும். வாயல்லாத வேறிடத்திற் கொளுவினால் உடனே விட்டுவிடவேண்டும் என்பது சட்டம். எமது முதல் மீன் செட்டையிற் கொளுவியது, விட்டோம். இரண்டாவதும் அவ்வாறே. இதற்கிடையில், தூண்டில் தடியை முதன்முதலாகக் கையிலெடுத்த எமது இல்லாள் ஒழுங்காக ஒரு மீனைக் கரைசேர்த்துவிட்டு, எம்மைப் பார்க்காதது போலப் பார்த்தார். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து என்பதே அளவு. மாலைக்குள் எமக்கு மூன்று கிடைத்தன.

மீனைத் துப்புரவாக்கிய பணியாள் தலைகளை எறியப் புறப்பட்டபோது எமது இல்லாள் பதறிவிட்டார். எட்டுத் தலைகளை மீட்டு, பயணப் பெட்டியிலிருந்த யாழ்ப்பாணத்துக் கறித்தூளையும் பழப்புளியையும் எடுத்து, சமையற்காரரின் அனுமதியோடு ஒரு குழம்பு வைத்தார். தேங்காய்ப்பால் இல்லாத குறை இருந்தது. ஆயினும் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியர் கண்ணீரும் மூக்குநீருமாக இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினர்.

மூன்றாம் நாள், நுஷகாக் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு விமானத்திற் சென்றோம். ஐவகைச் சமன்களுள் மிகப் பெரியதான ராஜ சமன் ஏறும் ஆறு அது. அங்கே குழந்தைகளுக்குக் கைவிரல்களைக் காட்டி இவ்வினங்களைக் கற்பிக்கின்றார்கள்: நடுவிரல் ராஜ சமன், மோதிர விரல் வெள்ளிச் சமன், சின்னி விரல் இளஞ்சிவப்புச் சமன் என்று. எமது பேத்தியும் அதனைச் சொல்லிக் காட்டினாள்.

புறப்படுமுன் வழிகாட்டி ஒரு விதியை நினைவூட்டினார். இவ்விடுதியின் விருந்தினர் ராஜ சமனைக் கொல்லக் கூடாது. பிடித்ததும் விட்டுவிட வேண்டும். ஏனெனில், இப்பிரதேசத்திற் செஞ்சமன் பெருகிய காலத்திலேயே ராஜ சமன் அருகிவருகின்றது. 2022ஆம் ஆண்டிலே பிரிஸ்டல் குடாவுக்குத் திரும்பிய செஞ்சமன் ஏறத்தாழ 7 கோடி 90 இலட்சம். அதுவரை எவரும் கண்டிராத தொகை. ராஜ சமனின் நிலையோ மறுதலை. வடக்கே யூக்கோன் ஆற்றில் அது மிகக் குறைந்துபோனதால், ஏழாண்டுகள் அதனைப் பிடிப்பதில்லை என்று அலாஸ்காவும் கனடாவும் 2024ஆம் ஆண்டிலே உடன்பட்டன.

ஆற்றங்கரையில் யூப்பிக் இனத்து மூதாட்டி ஒருவரின் கோடைக் குடில் இருந்தது. வழிகாட்டிக்குப் பழக்கமானவர். கம்புப் பந்தர்களிலே செந்நிற மீன் துண்டங்கள் வரிசை வரிசையாகத் தொங்கின. அப்பால் ஒரு புகைக்கொட்டில். அவர் பாதிச் சந்திரன் போன்ற ஒரு கத்தியால், எலும்பிலே தசை ஒட்டாதவாறு, ஒரு மீனை நாலு கீற்றில் முடித்தார். தலைகளை ஒரு சட்டியிலே தனியாகச் சேர்த்தார். அதைக் கண்ட எமது இல்லாள் முகமலர்ந்து தம் தலையைத் தொட்டுச் சட்டியைக் காட்டினார். மூதாட்டி சிரித்து, தம் வயிற்றைத் தடவிக் காட்டினார். அவ்விருவருக்கும் அதன்பின் எவரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

விடைபெறும்போது, நாம் எதற்காக வந்தோம் என்று அவர் கேட்டார். ராஜ சமனைப் பிடித்து விட்டுவிடுவதற்காக என்று வழிகாட்டி சொன்னார். அவர் சிறிது நேரம் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்பு ஆங்கிலத்திலே மெதுவாக, "மீனோடு விளையாடக் கூடாது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அது தன்னைத் தருவதற்கு வருகின்றது. வேண்டாமென்றால் ஏன் கூப்பிட்டீர்கள்?" என்றார். கோபம் இல்லை. எமக்கு ஒரு துண்டு கருவாடும் தந்து அனுப்பினார்.

எமக்கு அச்சொல் புதிதன்று. சோற்றை அளைந்து விளையாடினால் எமது அப்பாச்சி கையிலே தட்டுவார், "சாப்பாட்டோடை என்ன விளையாட்டு?" என்பார். உலகத்தின் மறுகோடியில் ஒரு கிழவி அதே குற்றத்துக்காக எம்மைக் கண்டிக்கின்றார் என்று தோன்றிற்று.

அன்று பிற்பகலிலேதான் அது நிகழ்ந்தது. எமது தடி வில்லாக வளைந்தது; தங்கூசி உருளையிலிருந்து அலறிக்கொண்டு ஓடிற்று. இருபது நிமிடங்கள், எமது தோள் இருக்குமிடம் எமக்கு நன்றாகத் தெரிந்தது. வள்ளத்தருகே வலைக்குள் வந்தபோது, பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாத ஒரு பெண் மீன், கருமுதுகும் செம்பொன் விலாவுமாக நீருக்குள்ளேயே கிடந்தது. எமக்கு உண்டான மகிழ்ச்சியை மறைத்தல் பொய்யாகும். பெறாமகன் படமெடுக்க முயல, வழிகாட்டி மீனை நீரினின்றும் தூக்க விடவில்லை. எதிர்முள் நீக்கிய தூண்டிலை இடுக்கியால் எடுத்து, மீனை நீரோட்டத்தின் எதிர்முகமாகத் தாங்கிப் பிடித்தார். செவுள் மெல்ல மெல்ல அசைந்தது.

"அதற்கு நோகுமா, அப்பப்பா?" என்று பேத்தி கேட்டாள். நாம் பதில் சொல்லவில்லை. வழிகாட்டிதான் சொன்னார். கீனாய் ஆற்றிலே 1989 முதல் 1991 வரை, விடப்பட்ட ராஜ சமன்களுக்குச் சிறு வானொலிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்களாம். நூற்றுக்கு ஏழு அல்லது எட்டு இறந்தனவாம். மற்றவை பிழைத்தன. "கொன்றால் நூறும் போகும், ஐயா" என்றார். அவருடைய கணக்கிலே பிழையில்லை. மூதாட்டியின் கேள்வியோ கணக்கைப் பற்றியதன்று. மீன் ஒருமுறை வாலைச் சுழற்றி, அவருடைய கையைவிட்டுப் போய்விட்டது. நாம் தடியைக் கீழே வைத்தோம். மறுபடி எறியவில்லை. பெறாமகன் அன்று மாலை வரை எறிந்தான். அவனை நாம் குறைகூறோம், பணம் கட்டியவன் அவனே.

எஞ்சிய நாட்களில் உண்பதற்கு வேண்டிய செஞ்சமன்களை மட்டும் பிடித்தோம். இரவுகளிலே சமையற்கூடத்தில் இவ்வாறுகளின் கதையைக் கேட்டோம். 1884ஆம் ஆண்டிலே நுஷகாக்கில் முதலாவது ரின் மீன் ஆலை எழுந்தது. 1951ஆம் ஆண்டு வரை இக்குடாவிலே இயந்திரப் படகால் வலை வீசச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. பாய் விரித்தே பிடித்தார்கள். ஆறுகளின் தலைமாட்டிலே செம்பும் பொன்னும் தோண்டப் பெரியதொரு சுரங்கம் அமைக்க முயன்றபோது, 2023ஆம் ஆண்டு ஜனவரியிலே அமெரிக்கச் சுற்றாடல் அதிகாரசபை, அக்கழிவை அங்கே கொட்டத் தடைவிதித்தது. இவற்றைப் பேசும்போது அங்குள்ளோர் குரல் உயர்கின்றது. பிழைப்பு அதிலே தங்கியிருக்கின்றது.

ஆறாம் நாள், திரும்பும் வழியிலே அலெக்னாகிக் ஏரியில் இறங்கினோம். அந்த ஏரி வூட் ஆறாகப் புறப்படும் இடத்திலே, இரு கரையிலும் உயர்ந்த பரண்கள் உள. ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒவ்வொரு கரையிலும் பத்து நிமிடம், இரவு பகலாக, ஒருவர் ஏறி நின்று கடந்துசெல்லும் மீன்களைக் கண்ணாலே எண்ணுகின்றார். பத்து நிமிடத் தொகையை ஆறால் பெருக்கினால் அந்த மணிக்குரிய கணக்கு. இவ்வாற்றிலே 7 இலட்சத்துக்கும் 18 இலட்சத்துக்கும் இடைப்பட்ட மீன்களாவது சினையிடப் போகவேண்டும் என்பது குறி. எண்ணிக்கை போதுமானால் கீழே குடாவில் வலை வீசலாம். போதாவிட்டால் படகுகள் காத்திருக்கும். அவ்வளவு பெரிய தொழில் ஓர் இளம் பெண்ணின் கையிலுள்ள எண்ணும் கருவியின் 'கிளிக்' ஓசையிலே நிற்பதைக் கண்டு வியந்தோம்.

அவர் அனுமதிக்க, பேத்தியும் பரணில் ஏறித் தன் விரலாலே எண்ணினாள். அவருக்கு 318, இவளுக்கு 291. இறங்கி வந்ததும் அவள் கேட்ட முதற் கேள்வி, "அப்பப்பா விட்ட மீனும் இதிலே போயிருக்குமா?" என்பது.

"இல்லை" என்றார் வழிகாட்டி, வள்ளத்தின் கயிற்றை அவிழ்த்தபடி. "அது நுஷகாக்கின் பிள்ளை. இந்த ஆற்றுக்கு வராது."