அரைகுறையாய் அறிந்த சொல்

பிறமொழி ஒன்றைக் கற்க முனைவோர்க்கு முதலில் வேண்டுவது சொல்வளம் என்பதை மறுப்பார் இலர். அதை ஈட்டும் வழி யாதெனக் கேட்டால், நாளொன்றுக்குப் பத்துச் சொற்களை எழுதி மனப்பாடம் செய்க என்பதே பலரும் தரும் விடை. இராயபுரத்தில் பல ஆண்டுகளாக மாலை வேளைகளில் ஆங்கிலம் கற்பித்து வரும் எனக்கு இவ்விடை நிறைவளிக்கவில்லை.

என்னிடம் பயில வருவோர் உழைக்கும் இளைஞர்கள். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுவோர், காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளைகள், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆலைகளில் ஒப்பந்தப் பணி செய்வோர். “சார், எனக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைகூடத் தெரியாது” என்றே ஒவ்வொருவரும் தொடங்குவர். அது உண்மையன்று. லோடு, கிரேன், ஷிப்ட், கேட் பாஸ் என அவர்கள் நாவில் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலச் சொற்களை எழுதினாலே கரும்பலகை நிறைந்துவிடும்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒருவழியாக நடந்ததும் அன்று. நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆயிற்று; சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று. ‘மான்சூன்’ என்பது, பருவகாலம் எனப் பொருள்படும் ‘மவ்ஸிம்’ என்னும் அரபுச் சொல் போர்த்துகீசியர் வழியாகச் சென்றடைந்த வடிவம். கட்டண விகிதத்தைக் குறிக்கும் ‘டாரிஃப்’, அறிவித்தல் எனப் பொருள்படும் ‘தஃரீஃப்’ என்பதன் வழிவந்தது. தமிழில் நாம் வழங்கும் ‘மாலுமி’யும் ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபே. ஆகவே மத்ரஸாவில் ஓதியவனுக்கும் கடலில் வலை வீசுபவனுக்கும் ஆங்கிலம் முற்றிலும் அந்நியமன்று. இதை எடுத்துரைத்ததும் அவர்கள் முகத்தில் தோன்றும் தெளிவைப் பலமுறை கண்டிருக்கிறேன். கைமுதல் உண்டென்று அறிந்தவன் வணிகத்துக்கு அஞ்சுவானா?

ஆயினும் கைமுதலில் செல்லாக் காசும் கலந்திருக்கக் கூடும். ‘கரண்ட்’ என்றால் நமக்கு மின்சாரம். கடலோர எச்சரிக்கைப் பலகையில் ‘ஸ்ட்ராங் கரண்ட்’ என்றிருந்தால் அது நீரோட்டத்தைக் குறிக்கும். தெரிந்த சொல்தானே என்று படித்துச் செல்பவன், படித்தும் ஏமாறுகிறான். முன்னாளில் டாக்காவில் கல்விப்பணி ஆற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை 1953இல் வெளியிட்டார். சொற்களை வெறுமனே அடுக்காமல், ஒரு சொல் எந்தெந்தப் பொருளில் எவ்வளவு வழங்குகிறது என்பதையும் அதில் காட்டினார். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது.

இதன் முதன்மையை எனக்கு உணர்த்திய சொல் ‘இன்ஃப்ளேமபிள்’. பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டேங்கர்களின் முதுகில் இச்சொல்லைக் காணலாம். ‘இன்’ முன்னே வந்தால் எதிர்மறை என்று பாடத்தில் படித்த இளைஞர் ஒருவர், “தீப்பிடிக்காதது” என்று பொருள் கூறினார். இலக்கணப்படி சிந்தித்தே அவர் அப்படிச் சொன்னார். ஆனால் உண்மைப் பொருளோ, “எளிதில் தீப்பற்றுவது”! இங்கே ‘இன்’ எதிர்மறையன்று. தீ மூட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையோடு சேர்ந்தே வந்தது. ஆங்கிலம் பேசுவோரே இதில் மயங்கக்கூடும் என்பதால்தான், தீத்தடுப்புத் துறையினர் 20ஆம் நூற்றாண்டில் ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதும்படி வற்புறுத்தினர். எனினும் பழைய சொல் இன்னும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். இத்தகைய பகுதியில் வாழ்வோர்க்கு எச்சரிக்கைச் சொற்கள் தேர்வு மதிப்பெண்ணுக்கு உரியவை மட்டுமல்ல, உயிரைக் காப்பவை. அறியாத சொல்லைக் கண்டவன் பிறரிடம் கேட்பான். அரைகுறையாய் அறிந்தவனோ கேட்கமாட்டான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஆகவே வாரந்தோறும் ஒவ்வொருவரும் தாம் கண்ட ஒரு சொல்லைக் கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். எங்கே கண்டார், எதன்மீது எழுதப்பட்டிருந்தது, அதைக் கண்டவர் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றுக்கும் விடை சொன்ன பிறகே அது அவருடைய குறிப்பேட்டில் ஏறும். பத்துச் சொற்களுக்குப் பதில் ஒன்றே கிடைக்கிறது; ஆனால் அது நிலைக்கிறது. ஆங்கிலம் கற்பிக்கும் அன்பர்கள் இம்முறையைச் செய்து பார்க்கலாம். ஆலை நடத்துவோரோ எச்சரிக்கைகளைத் தமிழிலும் எழுதிவைக்கக் கடமைப்பட்டவர்கள்.