கேள்வி வளர்த்த பள்ளிகள்

நிலவு ஏன் தேய்கிறது, மின்மினி எவ்வாறு ஒளிர்கிறது, மழைக்கு முன் எறும்பு எங்கே செல்கிறது என்று வினவாத குழந்தை உலகில் இல்லை. ஆயின், பள்ளியில் சேர்ந்து சில ஆண்டுகள் சென்றபின், அக்குழந்தையே வினாக்களை மறந்து, பிறர் எழுதிவைத்த விடைகளை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறது. அறிவியல் வினாவில் பிறந்தது. அதனைக் கற்பிக்கும் முறையோ பல இடங்களில் வினாவை மாய்த்துவிடுகிறது. இம்முரண்பாட்டைக் களைய நம் நாட்டில் நிகழ்ந்த முயற்சிகளுள் ஒன்று நினைவில் நிறுத்தத் தக்கது.

1964ஆம் ஆண்டில் இந்திய அரசு, இயற்பியல் அறிஞர் தௌலத் சிங் கோத்தாரியின் தலைமையில் கல்விக் குழு ஒன்றை அமைத்தது. அக்குழு 1966இல் தன் அறிக்கையை அளித்தது. பள்ளிக் கல்வியின் முதற் பத்து ஆண்டுகளில் அறிவியலும் கணிதமும் எல்லா மாணவர்க்கும் கட்டாயப் பாடங்களாதல் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. சிலர்க்கே உரியதாயிருந்த அறிவியல், சிற்றூர்ப் பிள்ளைக்கும் உரியதாயிற்று. இது பெரிய மாற்றமே. எனினும், சிற்றூர்ப் பள்ளிக்குள் அறிவியற் புத்தகம் நுழைந்ததேயன்றி ஆய்வுக் கருவிகள் நுழையவில்லை. விதை முளைக்கும் முறையை ஒப்பித்தோர் பலர். விதையை ஊன்றிப் பார்த்தோர் சிலர்.

இக்குறையை நீக்கும் முயற்சி மத்தியப் பிரதேசத்தில், நருமதை ஆற்றங்கரையில் அமைந்த ஹோசங்காபாத் மாவட்டத்தில் தொடங்கிற்று. இன்று நர்மதாபுரம் என வழங்குவது அம்மாவட்டமே. அங்கே பணியாற்றிய கிஷோர் பாரதி, ரசூலியா ஊரக மையம் என்னும் இரு தொண்டு நிறுவனங்கள், 1972ஆம் ஆண்டில் மாநில அரசின் இசைவோடு 16 நடுநிலைப் பள்ளிகளில் புதிய முறையைத் தொடங்கின. கிஷோர் பாரதியை நிறுவியவர்களுள் அறிவியலாளர் அனில் சத்கோபால் குறிப்பிடத்தக்கவர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளரும் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் சிற்றூர்களுக்கு வந்து, பள்ளி ஆசிரியரோடு ஒன்றாய் அமர்ந்து பணியாற்றினர்.

அவர்கள் முதலில் மாற்றியது புத்தகத்தை. ‘பால வைஞானிக்’ என்பது அந்நூலின் பெயர். ‘இளம் அறிவியலாளர்’ என்பது அதன் பொருள். வழக்கமான நூல்கள் முடிவை முதலிற் கூறும். இந்நூலோ செய்யவேண்டியதைக் கூறி, முடிவைக் காணும் பொறுப்பை மாணவரிடமே விட்டது. சான்றாக, இலையையும் வேரையும் பற்றிய பாடத்தைக் கூறலாம். மாணவர் நால்வர் நால்வராகக் குழு சேர்ந்து வயல்வெளிக்குச் செல்வர். செடிகளைப் பிடுங்கி இலை நரம்புகளையும் வேர்களையும் உற்று நோக்குவர். கோதுமையில் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாய் ஓடும். அதன் வேர் சல்லிவேர். கொண்டைக்கடலையில் நரம்புகள் வலைபோற் பின்னிக் கிடக்கும். அதன் வேர் ஆணிவேர். இவ்வாறு பல செடிகளை ஒப்பிட்டபின், இலையைக் கண்டே வேரின் வகையை உய்த்துணரலாம் என்பதை அவர்களே கண்டறிவர். தான் கண்டதைத் தன் சொற்களால் தன் ஏட்டில் எழுதிக்கொள்ளும் மாணவனுக்கு அது மறக்க இயலாத செல்வம் அன்றோ!

அடுத்து மாறியது ஆசிரியரின் நிலை. எல்லாம் அறிந்தவராகக் காட்சி தருவதே ஆசிரியர்க்கு அழகு என்று எண்ணியிருந்த காலம் அது. ஆயின், வயல்வெளியில் எழும் வினாக்கள் எந்த நூலிலும் அடங்குவன அல்ல. எனவே, “எனக்குத் தெரியாது; சேர்ந்து தேடுவோம்” என்று கூறும் துணிவு ஆசிரியர்க்குத் தேவையாயிற்று. அத்துணிவை வளர்க்கப் பயிற்சி முகாம்களும் மாதந்தோறும் ஆசிரியர் கூட்டங்களும் நடந்தன.

வகுப்பில் விடை கிடைக்காத வினாக்களை மாணவர் ‘சவாலிராம்’ என்பவருக்கு மடலாக எழுதினர். சவாலிராம் கற்பனை மனிதர். அவர் பெயரால் மறுமொழி எழுதியோர் அறிவியலாளர் முதலானோர். ‘சவால்’ என்னும் சொல் இந்தியில் கேள்வியைக் குறிக்கும்; தமிழிலோ அறைகூவல் என்னும் பொருளில் வழங்குகிறது. நல்ல கேள்வி ஒவ்வொன்றும் அறிவுக்கு விடுக்கும் அறைகூவலே என்பதால், இரு பொருளும் இங்கே பொருந்துகின்றன.

இறுதியாக மாறியது தேர்வு. எழுத்துத் தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்க மாணவர்க்கு இசைவு உண்டு. அதனோடு செய்முறைத் தேர்வும் உண்டு. நினைவாற்றலை அளப்பதை விடுத்துச் சிந்தனையை அளக்க முற்பட்ட தேர்வு அது. தேர்வு மாறாவிடின் பாடம் மாறினும் பயனில்லை என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

1978இல் அம்மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் இம்முறை பரவிற்று. 1982இல் இப்பணியை வளர்ப்பதற்கென ‘ஏகலவ்யா’ என்னும் நிறுவனம் தோன்றியது. பிற மாவட்டங்களிலும் பள்ளிகள் இம்முறையை மேற்கொண்டன. ஆயின் முப்பது ஆண்டுகள் நடந்த அம்முயற்சியை, 2002இல் மாநில அரசு நிறுத்தியது. வழக்கமான பாடநூல்களே மீண்டும் வந்தன. இம்முறையிற் பயின்றோர் மேல்வகுப்புத் தேர்வுகளில் பின்தங்குகின்றனர் என்னும் குறைபாடு கூறப்பட்டது. அறிவியலாளரும் கல்வியாளரும் பலர் அதனை மறுத்தனர். அரசின் முடிவு மாறவில்லை.

இங்கே நடுநிலையோடு எண்ண வேண்டியது ஒன்று உண்டு. புதிய முறை ஆறாம் வகுப்பில் தொடங்கி எட்டாம் வகுப்போடு முடிந்தது. ஒன்பதாம் வகுப்பிலோ பழைய நூலும் பழைய தேர்வும் காத்திருந்தன. ஏழைப் பெற்றோர்க்குத் தேர்வு என்பது தம் பிள்ளை ஏறவேண்டிய ஒரே ஏணி. அவ்வேணி தவறிவிடுமோ என்று அவர்கள் அஞ்சினால் அவ்வச்சத்தைப் பழித்தல் தகாது. ஆற்றின் நடுவில் மட்டும் பாலம் அமைத்து, இரு கரைகளையும் இணைக்காது விட்டால், பாலத்தின் மீது குறை கூறுவதாற் பயன் என்ன? தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை ஒரே நெறி ஓடவேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினை.

ஊன்றிய வித்து முற்றும் அழிந்துவிடவில்லை. இம்முயற்சிக்குத் தொடக்க நாளிலேயே துணைநின்ற இயற்பியல் அறிஞர் யஷ்பால் தலைமையில், 2005இல் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு உருவாயிற்று. மனப்பாடத்தினின்று கல்வி விடுபடல் வேண்டும், பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு அறிவு இணைதல் வேண்டும், தேர்வு நெகிழ்வுடையதாதல் வேண்டும் என்று அது வற்புறுத்தியது. சிற்றூர் வகுப்பறைகளில் செய்து பார்த்த கருத்துகள் நாட்டின் கொள்கை ஏட்டில் இடம் பெற்றன.

பாடத்திட்டத்தை ஓர் ஆணையால் ஒரே நாளில் மாற்றிவிடலாம். தெரியாததைத் தெரியாது என்னும் ஆசிரியரின் நேர்மையையும், கண்டதை அஞ்சாது உரைக்கும் மாணவரின் துணிவையும் ஆணையால் ஆக்க இயலாது. அவை பொறுமையாற் பயிராவன. மாணவர் அச்சமின்றி ஒரு கேள்வி கேட்க, ஆசிரியர் அதனை மகிழ்ந்து ஏற்கும் வகுப்பறையே அறிவியல் உண்மையாக வாழும் இடமாகும்.