பழுப்பேறிய பேனா



பழைய மைப்பேனாக்களைப் பழுதுபார்ப்பது என் நெடுநாளைய பொழுதுபோக்கு. 1900களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட பேனாக்கள் பல எபனைட் என்னும் கெட்டி இரப்பரால் ஆனவை. கடையிலிருந்து வந்தபோது கருங்காலி மரம்போல் மின்னியவை, இன்று தேநீர்க் கறை படிந்தாற்போல் பழுப்பேறிக் கிடக்கின்றன. அழுக்கு என்று எண்ணித் தேய்க்கத் தொடங்குவோரே மிகுதி. அது அழுக்கன்று.

இரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்து நெடுநேரம் சூடேற்றினால் எபனைட் கிடைக்கும். நெல்சன் குட்இயர் 1851இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மிதிவண்டிச் சக்கரத்து இரப்பரில் கந்தகம் நூற்றுக்குச் சில பங்குதான். எபனைட்டிலோ மூன்றில் ஒரு பங்குகூட இருக்கும். வெளிச்சமும் ஈரமும் காற்றிலுள்ள உயிர்வளியும் கூடி மேற்பரப்பைத் தாக்கும்போது அந்தக் கந்தகம் மெல்ல அமிலமாக மாறுகிறது, கறுப்பு போய்விடுகிறது. கெட்டுப்போவது மெல்லிய மேற்படலம் மட்டுமே. மூடிக்குள் மறைந்திருந்த பகுதியைப் பாருங்கள், பெரும்பாலும் அன்றைய கறுப்பு அப்படியே இருக்கும்.

இப்பொருள் நமக்கு அயலானதன்று. 1877இல் சிங்கப்பூருக்கு 22 இரப்பர் நாற்றுகள் வந்தன. 1888இல் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அதன்பின் நம் முன்னோர் விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்ற கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு இதைச் சொன்னபோது, "பேனாவும் பால்மரத்திலிருந்தா சார்?" என்று ஒரு சிறுமி வாய்பிளந்தாள்.

சென்ற பள்ளி விடுமுறையில் முன்னாள் மாணவர் ஒருவர் வாட்டர்மன் 52 ஒன்றைக் கொண்டுவந்தார். தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்த தம் பாட்டனாரின் பேனா அது. தந்தையின் எழுபதாம் பிறந்தநாளுக்குப் புத்தம்புதுக் கறுப்பாக்கித் தர வேண்டும் என்றார். வாங்கிப் பார்த்தேன். உடல் முழுதும் அலையலையான நுண்கோடுகள். கடைப்பகுதியில் ஊசியால் கீறிய இரண்டு தமிழ் எழுத்துகள். பாட்டனாரின் பெயர்ச் சுருக்கம்.

கறுப்பை மீட்கச் சில வழிகள் உண்டு. நுண்ணிய உப்புத்தாள் கொண்டு படலத்தைத் தேய்த்தெடுக்கலாம். கந்தக நாற்றத்தோடு பழுப்புத் தூள் உதிரும், கீழே கறுப்புத் தோன்றும். பளபளப்பும் வரும். ஆனால் அலைக்கோடுகள் மழுங்கும், கீறிய எழுத்து போய்விடும். கறுப்புச் சாயம் பூசலாம். அது மறைப்பே தவிர மீட்பன்று, கைபடக் கைபடத் தேயும். சாயம் பூசியதைச் சொல்லாமல் விற்பவர்களை நான் வணிகர்கள் என்று மதிப்பதில்லை. படலத்தை மட்டும் இளக்கித் துடைத்தெடுக்கும் கரைசல்களும் அண்மை ஆண்டுகளில் வந்துள்ளன. மூன்றிலும் மென்மையானது அதுவே. எனினும் படலத்தின் அளவே ஆழமுள்ள கீறல், படலத்தோடு போய்விடும். இந்த எழுத்துகள் அத்துணை மெல்லியவை.

மாணவரிடம் இதை விளக்கினேன். அவர் முகம் வாடியது. "பழசாகவே கொடுத்தால் அப்பா என்ன நினைப்பார், சார்?" என்றார். உங்கள் குடும்பத்துப் பொருள், முடிவு உங்களுடையது என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். "எழுத்து இருக்கட்டும் சார்."

நிறத்தைத் தொடவில்லை. உள்ளே கல்லாய் இறுகியிருந்த மைப்பையை அகற்றிப் புதியதை அரக்குக் கரைசலால் ஒட்டினேன். தங்க முள்ளில் உறைந்திருந்த மையைக் கரைத்தேன். நெம்புகோல் தடையின்றி அசைந்தது. நீல மை நிரப்பி 'அ' எழுதிப் பார்த்தேன்; கோடு மெலிந்தும் தடித்தும் அழகாக வந்தது.

உங்கள் வீட்டிலும் இத்தகைய பேனா இருக்கக்கூடும். அதை வெயில்படும் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைக்காதீர்கள், இழுப்பறையே நல்லது. நீரில் ஊறவைக்க வேண்டா, ஓரிரவில் பழுப்பு இன்னும் வெளுத்துவிடும். வெந்நீர் அறவே கூடாது. முள்ளை மட்டும் நனைத்துக் கழுவி, உடலை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். துடைக்குமுன் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், யாரேனும் ஏதேனும் கீறி வைத்திருக்கிறார்களா என்று.